சிவப்புக் கட்டை எல்லாம் சாயக் கட்டை ஆகாது: சப்பங்கச் சாயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் "சிவப்புச் சாயக் கட்டை" என்று கேட்டு அரைக் கிலோ வாங்கி வந்தேன். நல்ல இரத்தச் சிவப்பு, கையில் கனத்த சீவல். இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டும் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தைத் தாண்டவில்லை. பருத்தித் துணி அழுக்குப் பிடித்ததுபோல் வெளியே வந்தது. தேரில் அலங்காரமாகத் தொங்கும் துணித் தொம்பை தைக்கும் பெரியவர் ஒருவர் மறுநாள் ஒரு சீவலை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். "இது செம்மரம் தம்பி. நீங்கள் சப்பங்கம் என்று கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டது நான்தான். காவிரி டெல்டாவில் இயற்கைச் சாயம் பழக வருகிற பலரும் முதலில் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான்.

செம்மரம் பெரும்பாலும் ஆந்திரத்தின் சேஷாசலம் முதலிய மலைகளில் வளரும் மரம். அதன் சாயப்பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது, சாராயத்தில் கரையும். என் அடுப்பில் நடந்தது இப்போது விளங்கியிருக்கும். 1995 முதல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூலம் தெரியாத செம்மரக் கட்டையைச் சாயத்துக்காக வீட்டில் வாங்கி வைப்பது தேவையற்ற ஆபத்து. சப்பங்கம் வேறு. முள் நிறைந்த சிறு மரம். கேரளத்தில் பதிமுகம் என்ற பெயரில் குடிநீரில் போட்டுக் கொதிக்கவைக்கிறார்களே, அதே கட்டை. புதிதாக வெட்டிய வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுக்கட்டை, ஆரஞ்சு மஞ்சளாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டுத்தான் சிவக்கும், ஏனென்றால் மரத்துக்குள் ஏறக்குறைய நிறமற்று இருக்கும் பிரேசிலின் என்ற பொருள் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகே சிவப்பாகிறது. வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக்கட்டையில் சாயம் இல்லை. வெளுத்த சீவல் கலந்த பொட்டலத்தை வாங்காதீர்கள்.

பிரேசிலின் என்ற அந்தப் பெயரிலிருந்தே இரண்டாவது தவறு பிறக்கிறது. பிரேசில் நாட்டிலிருந்து வந்ததால் அது பிரேசில் கட்டை என்று பலர் எழுதுகிறார்கள். நடந்தது நேர் எதிர். போர்ச்சுகீசியக் கப்பல்கள் 1500இல் தென் அமெரிக்கக் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஆசியாவிலிருந்து வந்த சப்பங்கத்துக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர் இருந்தது. 1290களில் நம் கரைகளைக் கடந்த மார்க்கோ போலோ, கொல்லத்தின் பெயராலேயே அறியப்பட்ட சாயக் கட்டையைக் குறிப்பிடுகிறார். சுமத்ராவிலிருந்து விதை எடுத்துப்போய் வெனிஸில் விதைத்ததாகவும், குளிரால் அது முளைக்கவில்லை என்றும் சொல்கிறார். புதிய கரையில் அதே சிவப்பைத் தரும் வேறொரு மரத்தைக் கண்ட போர்ச்சுகீசியர் பழைய பெயரை அதற்குச் சூட்டினார்கள். மரத்தின் பெயர் நாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. 1502இலேயே பெர்னாவோ டி லொரோன்யா தலைமையிலான வணிகர்களுக்கு அந்தக் கட்டை வணிகம் குத்தகைக்கு விடப்பட்டது. வெட்டித் தீர்த்த பிறகு, 1978இல் அதைத் தேசிய மரமாக அறிவித்தார்கள்.

மூன்றாவது தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நாகப்பட்டினம், தரங்கம்பாடித் துறைகளிலிருந்து கடல் கடந்த சிவப்புத் துணிகளை எல்லாம் சப்பங்கச் சாயம் என்று சொல்லிவிடுகிறோம். சோழமண்டலக் கரைப் பருத்தியின் அழியாத சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. டெல்டாக்காரர்களுக்கு அது இம்பூறல் என்ற மூலிகையாகத் தெரியும். மணற்பாங்கில் தரையோடு படரும் சிறு செடி, நூல்போன்ற வேர். அதில் இருப்பது அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள். படிகாரமும் கடுக்காயும் ஏறிய துணியில் அது பிடித்தால் எத்தனை முறை துவைத்தாலும் நிற்கும். சப்பங்கம் வெயிலுக்கு நிற்காது. 1620இல் டேனியரும், 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரரும் இந்தக் கரையைத் தேடி வந்ததற்குத் துணி ஒரு பெருங்காரணம். இங்கிருந்து வண்ணத் துணி சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போனது. சயாமிலிருந்து டச்சுக் கப்பல்கள் சப்பங்கத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோயின. இரண்டு சிவப்புகளும் ஒரே கடலில்தான் போய்வந்தன. அதனால்தானோ என்னவோ, நம் நினைவில் கலந்துவிட்டன.

பழைய சாயக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. படிகார நீர் நிறமற்றது. அதை எழுதுகோலால் துணியில் தீட்டும்போது எங்கே தீட்டினோம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதில் கொஞ்சம் சப்பங்கச் சாற்றைக் கலந்துகொள்வார்கள். தீட்டிய கோடு இளஞ்சிவப்பாகத் தெரியும். பிறகு துணியை அலசும்போது அந்த இளஞ்சிவப்பு போய்விடும், படிகாரம் மட்டும் நூலில் தங்கும். சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்ததும் அதே கோடுகள் நிரந்தரச் சிவப்பாக எழும். முன்னால் போய் வழிகாட்டிவிட்டு மறைந்துகொள்கிற வேலை மரத்துக்கு, நிலைக்கிற வேலை வேருக்கு. இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் சப்பங்கத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. 1868இல் ஜெர்மனியில் வேதியியலாளர்கள் கிரேபவும் லீபர்மனும் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பிறகு சாயவேர்த் தொழில் மெல்லச் சாய்ந்தது.

இனி அடுப்படி. கட்டையைத் துண்டாகப் போட்டுக் கொதிக்கவைக்காதீர்கள். வைரம் கடினமானது, துண்டின் உள்ளே தண்ணீர் இறங்காது. ஆம்ஸ்டர்டாமில் 1596இல் தொடங்கிய சிறைச்சாலை ஒன்றில் கைதிகளின் வேலையே பிரேசில் நாட்டுச் சாயக் கட்டையை அரத்தால் ராவித் தூளாக்குவதுதான். தூளாகவோ மெல்லிய சீவலாகவோ வாங்கி, இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் காய்ச்சுங்கள். படிகாரம் ஏற்றாத துணியில் நிறம் வெறுமனே ஒட்டியிருக்கும், முதல் அலசிலேயே போய்விடும்.

இரும்புச் சட்டி கூடாது. சாயம் கருத்து ஊதாவுக்குப் போகும். எவர்சில்வர் பாத்திரம் போதும். நம் பகுதி போர் தண்ணீரில் பல இடங்களில் இரும்பு உண்டு. குடத்தின் அடியில் துருப்பிடித்த கோடு தெரிந்தால் அந்தத் தண்ணீரைச் சாயத்துக்கு எடுக்க வேண்டாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே நல்லது.

தண்ணீரின் குணம் இந்தச் சாயத்தை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். காய்ச்சிய சாற்றை மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள், சிவப்பு வடிந்து மஞ்சளாகும். இன்னொன்றில் சுண்ணாம்புத் தெளிநீர் சில சொட்டு விடுங்கள், செம்பருத்திப் பூவைக் கசக்கியதுபோல் கருஞ்சிவப்பு பொங்கும். சோப்புத்தூளில் துவைத்த சப்பங்கத் துணி நிறம் மாறுவதும், சாம்பார் சாதத்தின் புளி பட்ட இடம் மஞ்சளிப்பதும் இதனால்தான். பாட்டியின் பெட்டியில் கிடைத்த பழந்துணியில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காதீர்கள். போனால் திரும்ப வராது.

சாயமிட்ட துணியை மொட்டைமாடியில் காயப்போடாமல் திண்ணை நிழலில் விரித்துப் போடுங்கள். என் முதல் சப்பங்கத் துண்டு கொடியில் தொங்கிய ஒரு சித்திரை மாதத்திலேயே வெளிப்புறம் வெளிறிப்போனது. மடிப்புக்குள் இருந்த பாதி இன்றும் மாதுளைச் சிவப்பாக இருக்கிறது. இரண்டு பாதியையும் சேர்த்தே வைத்திருக்கிறேன், சாயம் பழக வருகிறவர்களுக்குக் காட்ட.