சி.டி. படத்தில் இரைச்சல்: டோஸைக் கூட்டுவதற்கு முன் திருத்த வேண்டிய தவறுகள்

சி.டி. படம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தவுடன் கதிர்வீச்சைக் கூட்டிவிடுவதே ஸ்கேன் அறைகளில் பரவலாக நடக்கும் தவறு. கதிர்களைப் பதிவுசெய்யும் டிடெக்டரை வந்தடையும் ஃபோட்டான்கள் (எக்ஸ்ரே துகள்கள்) குறைவதால் எழும் இந்த இரைச்சல், டோஸின் (கதிர்வீச்சு அளவின்) வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஆகவே அதைப் பாதியாகக் குறைக்க டோஸை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கும். அவ்வளவு கதிர்வீச்சையும் ஏற்பது நோயாளியின் உடல் என்பதால், வேறு காரணம் உண்டா என்று முதலில் பார்ப்பதே முறை.

அதிகம் கவனிக்கப்படாத காரணம், நோயாளியை ஸ்கேனரின் வளையப் பகுதியான கேன்ட்ரியின் மையத்தில் படுக்க வைக்காதது. எக்ஸ்ரே குழாயின் முன்னுள்ள, கதிர்களை வடிகட்டும் போ-டை ஃபில்டர் நடுவில் மெல்லியதாகவும் ஓரங்களில் தடிமனாகவும் இருக்கும். உடல் மையத்திலிருந்து விலகினால், அதன் தடிமனான பகுதி ஃபில்டரின் தடிமனான பகுதிக்கு நேராக வந்துவிடுவதால் அங்கே ஃபோட்டான்கள் குறைந்து இரைச்சல் கூடும். இதோடு முடிவதில்லை. ஸ்கேனுக்கு முன், குழாய் மேலே இருக்கும் நிலையில் எடுக்கும் முன்னோட்டமான ஸ்கவுட் படத்தில், டேபிள் தாழ்ந்திருந்தால் நோயாளி குழாயிலிருந்து தள்ளிப்போய் உண்மையைவிட ஒல்லியாகத் தெரிவார். அதை நம்பித் தானியங்கி மின்னோட்டக் கட்டுப்பாடு குழாய் மின்னோட்டமான எம்.ஏ.வைக் குறைத்துவிடும். குழாய் கீழே இருந்தால் விளைவு தலைகீழாகி, தேவையற்ற டோஸ் ஏறும். பக்கவாட்டு ஸ்கவுட்டைப் பார்த்து டேபிள் உயரத்தைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகாது. ஆனாலும் கூட்டம் மிகுந்த நாள்களில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

மார்பு, வயிறு ஸ்கேனில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லாமல் விட்டால், படத்தின் குறுக்கே கோடுகள் ஓடும். தூக்க இயலாத விபத்து நோயாளிகள் விதிவிலக்கு.

அடுத்தது, மெல்லிய ஸ்லைஸ்களை (குறுக்குவெட்டுப் படங்களை) அப்படியே பார்த்து இரைச்சல் என்று குறைசொல்வது. 1.25 மி.மீ. ஸ்லைஸில் 5 மி.மீ. ஸ்லைஸைவிட ஏறத்தாழ இரு மடங்கு இரைச்சல் இருக்கும். தரவை மெல்லியதாகச் சேகரித்து, கல்லீரல் போன்ற மென்திசுக்களைத் தடித்த ஸ்லைஸாக மாற்றிப் பார்த்தால் கூடுதல் கதிர்வீச்சு இன்றியே படம் தெளியும். எலும்புக்கான கூர்மையான கெர்னலில் (படத்தை உருவாக்கும் கணக்கீட்டு வடிப்பானில்) மென்திசுவைப் பார்ப்பதும் இதே வகைத் தவறு. அயோடின் மருந்து செலுத்தி எடுக்கும் காண்ட்ராஸ்ட் ஸ்கேனில் ஒல்லியானவர்களுக்கும் குழாய் மின்னழுத்தத்தில் 120 கே.வி.யையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 80 அல்லது 100 கே.வி.யில் அயோடின் கூடுதலாக ஒளிர்வதால், சற்று இரைச்சல் இருந்தாலும் இரத்தக்குழாய் நன்றாகவே தெரியும். பருமனான உடலுக்கு இது பொருந்தாது.

கணினி வழியாக இரைச்சலை நீக்கும் இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் உண்மையாகவே பயனுள்ளது. அதை உச்ச அளவுக்குக் கூட்டுவதுதான் சிக்கல். படம் மெழுகுபூசியதுபோல வழவழப்பாகி, இரைச்சலை அளவிடும் எண்ணும் அழகாகக் குறையும். ஆனால் சுற்றியுள்ள திசுவிலிருந்து லேசாக மட்டுமே வேறுபடும் சிறு கல்லீரல் கட்டி அந்த வழவழப்பில் கரைந்துபோகலாம். எனவே எந்த அளவில் நிறுத்துவது என்பதை, படத்தைப் படித்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்டோடு சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் தொடர்ந்தால், தண்ணீர் நிரப்பிய சோதனைப் பொருளான ஃபான்டத்தை ஸ்கேன் செய்து, நடுவிலும் ஓரங்களிலும் இரைச்சலைக் காட்டும் திட்டவிலக்கத்தை அளந்து, முந்தைய பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். எண்கள் மாறாதிருந்தால் ஸ்கேன் அமைப்புகளின் தொகுப்பான புரோட்டோகாலை ஆராய வேண்டும். படத்தில் வளையங்கள் தெரிந்தால் டிடெக்டரிலோ அதன் அளவுத்திருத்தத்திலோ கோளாறு இருக்கிறது. டோஸை எவ்வளவு கூட்டினாலும் அது போகாது என்பதால் சர்வீஸ் எஞ்சினியரை அழைப்பதே வழி.