பழைய பட்டுச் சாறியில் பிள்ளைக்குப் பாவாடை

நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைக்குப் பாவாடை தைக்க அம்மம்மாவின் பட்டுச் சாறி ஒன்று போதும். கலியாணக் கூறையை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே விண்டிருக்கும். மெல்ல இழுக்கப் பிரிகிற இடத்தை ஒதுக்கிவிடுங்கள். தைத்தாலும் ஊசித்துளை வழியே கிழியும்.

இடுப்பு 22 அங்குலம், இடுப்பிலிருந்து கணுக்கால் 26 அங்குலம் என்று வைப்போம். கொய்யகம் நெருக்கமாக விழ இடுப்பைப் போல் மூன்று மடங்கு துணி வேண்டும்: 66, தையலுக்கு 2, மொத்தம் 68 அங்குலம். உயரத்துக்கு 26, இடுப்புத் தையலுக்கு 1, உள்மடிப்புக்கு 4, ஆக 31. சாறியின் கரையே பாவாடையின் அடி என்பதால் கீழே மடித்துத் தைக்கத் தேவையில்லை. எஞ்சும் மற்றக் கரை சட்டைக் கைக்கு வடிவாக இருக்கும்.

உள்மடிப்பு இரண்டு, ஒவ்வொன்றும் 1 அங்குல ஆழம். துணி இரட்டையாக மடிவதால் ஒவ்வொன்றுக்கும் 2 அங்குலம் போகும். கரைக்குச் சற்று மேலே, கொய்யகம் பிடிக்குமுன், நீண்ட தையலில் போடுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பிரித்த இடத்தில் ஊசித்தடம் தெரியும். அதன்மேல் சரிகை றிபன் வைத்துத் தையுங்கள். றிபனின் இரு விளிம்பையும் ஒரே திசையில் தைக்க வேண்டும். ஒன்றைப் போகும்போதும் மற்றதை வரும்போதும் தைத்தால் றிபன் முறுகி, குறுக்கே சுருக்கம் விழும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் கீழே பட்டு சுருங்கும். மெசினுக்கு 9 அல்லது 11ஆம் இலக்க ஊசி, அதுவும் புதியது.

கனடாவின் பூர்வகுடிப் பெண்களும் றிபன் வைத்துத் தைத்த பாவாடை அணிவார்கள். அந்த றிபன் பாவாடைக்கு அங்கே 2023 முதல் ஜனவரி 4 தேசிய நாள். அந்த நிறங்களிலும் கோலங்களிலும் அவர்களுடைய பொருள் இருக்கிறது. அதைப் படியெடுக்க வேண்டாம். கோபுரக் கரையும் உருத்திராட்சக் கரையும் நம்மிடம் இருக்கின்றன. றிபன் அந்தக் கரையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்புக்கு நாடா கோக்காதீர்கள். சரிகையின் பாரத்தில் பாவாடை இறங்கும், இறுக்கிக் கட்டினால் பிள்ளையின் தோலில் தடம் விழும். கையில்லாத பருத்தி உள்சட்டையோடு சேர்த்துத் தைத்தால் பாரம் தோளில் நிற்கும்.

அயன் பண்ணும்போது உட்பக்கத்தைத் திருப்பி, மேலே பருத்தித்துணி போடுங்கள். உடுத்தியதும் வியர்வை காய நிழலில் விரித்துவிடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் அடைபட்டுச் சரிகை கறுக்கும். பருத்தித்துணியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.