ஆலையும் பல்கலைக்கழகமும் கைகோக்கும்போது: மெம்பிரேன் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள். பாலம் தாண்டித் தீவுக்குப் போனால், 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள். தண்ணீரைச் சுத்திகரிக்க மெம்பிரேன், அதாவது நுண்துளைகள் வழியே தண்ணீரை விட்டு அழுக்கைத் தடுக்கும் மெல்லிய சவ்வு, இரு பக்கத்துக்கும் உதவும். கூட்டுத் திட்டம் போட பினாங்கைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். ஆனாலும் இப்படிப்பட்ட திட்டங்கள் அறிக்கையோடு நின்றுவிடக் காரணங்கள் உண்டு.

பெரிய தவறு, சோதனைக்கு எடுக்கும் தண்ணீரில்தான். ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பைக் கரைத்து, 15 பார் அழுத்தத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டு மெம்பிரேன்களை ஒப்பிட அது சரி. செம்பனை ஆலைக் கழிவுநீரோ 80 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதில் எண்ணெய், நார்த்தூள் எல்லாம் இருக்கும், பி.ஓ.டி. அளவு (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 25,000 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். குளங்களில் நொதித்து இறங்கிய பிறகும் காப்பி நிறம் போகாது. அதை மெம்பிரேனில் விட்டால் துளைகள் அடைத்து, ஓட்டம் சில மணி நேரத்திலேயே படுத்துவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே ஆலையின் தண்ணீரைக் கொண்டுவாருங்கள். அதையும் ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். காய் குவியும் மாதத்துத் தண்ணீர் வேறு, காய் குறைந்த மாதத்துத் தண்ணீர் வேறு. எடுத்ததைக் காரின் பின்பக்கத்தில் வெயிலில் விட்டால் மறுநாள் அது வேறொரு திரவம். ஐஸ் பெட்டியில் வையுங்கள். என்றைக்கு எந்தத் தொட்டியைக் கழுவுகிறார்கள் என்று குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேளுங்கள். மேலாளருக்குத் தெரியாத விஷயங்கள் அவருக்குத் தெரியும்.

மெம்பிரேன் தேவைதானா என்று கேட்காமல் இறங்குவதும் நடக்கிறது. வெளியே விடும் தண்ணீரின் பி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் ஒழுங்காகப் பராமரித்த குளங்களே போதும். 20 கேட்கப்படும் ஆலைக்கும், தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த நினைக்கும் ஆலைக்கும்தான் இந்தச் செலவு நியாயம். மெம்பிரேன் அழுக்கை அழிப்பதில்லை, ஒதுக்கித்தான் வைக்கிறது. நூற்றில் 75 பங்கு நல்ல தண்ணீராக வந்தால், மிச்சம் 25 பங்கில் அழுக்கு கிட்டத்தட்ட நான்கு மடங்கு கெட்டியாக இருக்கும். அதை எங்கே விடுவது என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம், அடைத்த மெம்பிரேனைக் கழுவும் மருந்து. ஸ்டோரில் இருப்பது காஸ்டிக் சோடாவும் குளோரினும் என்றால், கழுவுகிறவர் அதைத்தான் எடுப்பார். மெம்பிரேன் செய்யும் பிளாஸ்டிக்கைப் பொறுத்து ஆபத்து மாறும்: பாலிஅமைடு மெம்பிரேனைக் குளோரின் அரித்துவிடும், பி.வி.டி.எஃப். வகையைக் கடுமையான காஸ்டிக் கெடுத்துவிடும். புது மெம்பிரேனின் முதல் நாள் ஓட்டத்தைப் படம் போட்டுக் காட்டுவதைவிட, இருபது தடவை கழுவிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டினால் ஆலைக்காரர் காது கொடுத்துக் கேட்பார்.

ஆய்வுக்கூடத் துண்டு உள்ளங்கை அளவுதான். தொழிற்சாலையில் போடும் எட்டு அங்குலச் சுருளிலோ சுமார் 37 சதுர மீட்டர் மெம்பிரேன் இருக்கும். இடையில் ஒரு சிறு மாதிரி நிலையத்தை ஆலையிலேயே வைத்து, ஓடும் கழிவுநீரில் கொஞ்சத்தை அதற்குத் திருப்பி, சில மாதங்கள் ஓட்டத்தான் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றும் தொல்லை கொடுக்கும். ஆய்வுக்கூடத்தில் மெம்பிரேன் வார்க்கும் பாலிமர்க் கரைசல் காற்றின் ஈரத்தை இழுத்தால் துளைகளின் அமைப்பே மாறிவிடும். மெம்பிரேன் வார்த்த அன்றைய ஈரப்பதத்தைக் குறித்து வைக்காவிட்டால், மாணவர் பட்டம் வாங்கிப் போன பிறகு அதே மெம்பிரேனை யாராலும் மறுபடி செய்ய முடியாது.

கடைசியாக, காப்புரிமை. மாணவருக்குக் கட்டுரை வெளிவர வேண்டும், நிறுவனத்துக்கு விஷயம் வெளியே போகக் கூடாது. விண்ணப்பிக்கும் முன் நீங்களே வெளியிட்டுவிட்டால் மலேசியச் சட்டத்தில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட சலுகை கிடையாது. கண்காட்சியில் மாட்டும் ஒரு சுவரொட்டிகூட வெளியீடாக எண்ணப்படலாம். கட்டுரை அனுப்பும் முன் நிறுவனத்திடம் காட்டுவது, அவர்கள் எத்தனை நாளில் பதில் சொல்வது, உரிமையைப் புதுப்பிக்கும் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது, மானியம் முடிந்ததும் மாதிரி நிலையத்தின் பம்பு பழுதானால் யார் பார்ப்பது, இவற்றை எல்லாம் முதல் கையெழுத்துக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.