ஆய்வேட்டில் 'ஆய்வு முன்னோடிகள்' பகுதியை எழுதுவது எப்படி?

முதுகலை ஆய்வேடோ முனைவர் பட்ட ஆய்வேடோ, முதன்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் திணறுவது, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் 'ஆய்வு முன்னோடிகள்' பகுதியில்தான். "இன்னார் (2011) இவ்வாறு கூறுகிறார். இன்னார் (2014) இவ்வாறு கூறுகிறார்" என்று பத்துப் பக்கம் நிரப்பிவிட்டு, நெறியாளர் ஏன் திருப்பி அனுப்பினார் என்று விழிக்கும் மாணவர்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். இது அவர்கள் குற்றம் இல்லை. இந்தப் பகுதியை எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு பல கல்லூரிகளில் கிடையாது.

உங்கள் கேள்வியைப் பற்றி இதுவரை என்ன தெரியும், எதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, எது இன்னும் ஆராயப்படவில்லை ஆகிய மூன்றையும் இந்தப் பகுதி சொல்ல வேண்டும். பள்ளி உணவுத் திட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வழிமுறை இதுதான்.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

'தமிழ்நாட்டில் பள்ளி உணவுத் திட்டம்' என்பது ஒரு களம். 1920களில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டம் வரை அதில் அடங்கும். இவ்வளவையும் ஓர் ஆய்வேட்டில் அடக்க முடியாது. 'காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இந்த ஒன்றியத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதல் பாடவேளை வருகை மாறியிருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். எதைப் படிக்க வேண்டும், எதை ஒதுக்கலாம் என்பது அப்போதே தெளிந்துவிடும். இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

படி 2: தேடுங்கள், பல பெயர்களில்

ஒரே பெயரில் தேடினால் பாதி ஆய்வுகள் கண்ணில் படாது. தேசிய அளவிலான கட்டுரைகள் 'மிட்டே மீல்' என்று எழுதும். தமிழ்நாட்டைப் பற்றியவை 'நூன் மீல்' என்றோ 'சத்துணவு' என்றோ எழுதும். மத்தியத் திட்டத்தின் பெயர் 2021இல் 'பிஎம் போஷண்' என்று மாறியதால் அதற்குப் பிந்தைய கட்டுரைகள் அந்தப் பெயரிலும் கிடைக்கும். எனவே தேடுவதற்கு முன் உங்கள் பொருளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் எல்லாப் பெயர்களையும் பட்டியலிடுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரை அகப்பட்டால் அங்கிருந்து இரண்டு திசைகளில் நகரலாம். அதன் துணைநூற்பட்டியல் அதற்கு முந்தைய ஆய்வுகளைக் காட்டும். தேடல் முடிவில் அதன் தலைப்புக்குக் கீழே இருக்கும், அதை மேற்கோள் காட்டியவற்றுக்கான இணைப்பு, பிந்தைய ஆய்வுகளைக் காட்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இயல் வாரியாகக் கோப்புகள் இருப்பதால் முன்னோடிகள் இயலை மட்டும் தனியே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து வரிகளை எடுத்து எழுதாதீர்கள். அது குறிப்பிடும் மூலக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் கன்னிமாரா நூலகமும் உண்டு.

எப்போது நிறுத்துவது? புதிதாகத் திறக்கும் கட்டுரைகளிலும் ஏற்கெனவே படித்த பெயர்களே திரும்பத் திரும்ப வரத் தொடங்கும்போது நிறுத்தலாம்.

படி 3: எல்லாவற்றையும் முழுவதும் படிக்காதீர்கள்

முதலில் ஆய்வுச் சுருக்கம், பிறகு முன்னுரை, பிறகு முடிவுரை. கேள்விக்குத் தொடர்பில்லை என்றால் அங்கேயே மூடிவிடுங்கள். தொடர்பு இருந்தால் தரவு திரட்டிய முறையைக் கவனமாகப் படியுங்கள். புதியவர்கள் தாண்டிச் செல்லும் பகுதி அதுதான். கருத்து வேறுபாடுகள் பல அங்கிருந்துதான் பிறக்கின்றன.

படி 4: அட்டவணை போடுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை எளிது. எக்செல் கோப்பு போதும், நீளவாக்கில் மடித்த நோட்டும் போதும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசை. மேலிருந்து கீழாக வரும் பத்திகள் இவை: ஆய்வாளரும் ஆண்டும், கேட்ட கேள்வி, இடமும் காலமும், தரவு எங்கிருந்து வந்தது, முடிவு, யாரோடு ஒத்துப்போகிறார் அல்லது முரண்படுகிறார், பக்க எண். பக்க எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய இரவில் அதைத் தேடுவது கொடுமை.

கட்டுரையின் வரியை அப்படியே குறித்துக்கொண்டால், எழுதும்போதே மேற்கோள் குறி இடுங்கள். மூன்று மாதம் கழித்து அது ஆசிரியரின் வரியா உங்கள் வரியா என்று உங்களுக்கே தெரியாது. கருத்துத் திருட்டு என்ற பழியில் சிக்கும் மாணவர்களில் திருட நினைத்தவர்களைவிட, இப்படிக் குறிப்பெடுத்தவர்களை நினைத்தே எனக்குக் கவலை.

அட்டவணை நிரம்பிய பிறகு அதை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 'இடம்' பத்தியில் எல்லாமே நகரப் பள்ளிகளாக இருக்கலாம். 'தரவு' பத்தியில் வருகைப் பதிவேடு மட்டுமே இருந்து, வகுப்புக்கு நேரில் போய் எண்ணியவர் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். அந்தக் குறைதான் உங்கள் ஆய்வு இடைவெளி. உங்கள் ஆய்வு ஏன் தேவை என்பதற்கு அதைவிட வலுவான காரணம் கிடையாது.

படி 5: பத்தியைக் கருத்தில் தொடங்குங்கள்

அ, ஆ, இ என்ற மூன்று கற்பனை ஆய்வாளர்களை வைத்துப் பார்ப்போம். வழக்கமாக எழுதப்படுவது இப்படி:

"அ (2012) பள்ளி உணவு வருகையை உயர்த்துகிறது என்கிறார். ஆ (2015) உணவின் தரம் முக்கியம் என்கிறார். இ (2019) வருகையில் மாற்றம் இல்லை என்கிறார்."

இது மளிகைப் பட்டியல் போல இருக்கிறது. அதே மூவரை வைத்து இப்படி எழுதலாம்:

"பள்ளி உணவு மாணவர் வருகையை உயர்த்துகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வருகைப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு உயர்வைக் காட்டுகிறது (அ, 2012). வகுப்பில் நேரில் எண்ணிய ஆய்வு மாற்றம் எதையும் காணவில்லை (இ, 2019). தரவு திரட்டிய முறை இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம். பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் உணவின் தரமும் காரணமாகலாம் (ஆ, 2015). மூன்று ஆய்வுகளுமே மதிய உணவைப் பற்றியவை. காலை உணவு முதல் பாடவேளை வருகையை எப்படிப் பாதிக்கிறது என்பதை இவை ஆராயவில்லை."

இரண்டாவதில் முதல் வாக்கியம் உங்களுடையது. ஆய்வாளர்கள் அதற்குச் சான்றாக வருகிறார்கள். கடைசி வாக்கியம் உங்கள் ஆய்வுக்கு வழி திறக்கிறது. 'காரணமாக இருக்கலாம்' என்ற தொனியையும் கவனியுங்கள். சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் எல்லாப் பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். அவை ஒரு வாதமாகத் தொடராவிட்டால் பத்திகளின் வரிசையை மாற்றுங்கள்.

படி 6: சொந்தச் சொற்களில் எழுதுங்கள்

கட்டுரையைப் பார்த்துக்கொண்டே சொல்லுக்குச் சொல் மாற்றுவது சொந்த எழுத்து ஆகாது. மூடிவைத்துவிட்டு, நண்பருக்கு விளக்குவதாக நினைத்து எழுதுங்கள். பிறகு திறந்து, பொருள் பிறழவில்லையே என்று சரிபாருங்கள். சொந்தச் சொற்களில் எழுதினாலும் கருத்து அவருடையது என்பதால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கட்டாயம் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டுக்கும் பிறர் எழுத்துக்கும் உள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அந்தப் பத்து விழுக்காட்டை அனுமதியாக எண்ணிவிடாதீர்கள். ஒப்புமை குறைவாகவே காட்டினாலும், ஒரு முழுப் பத்தி மேற்கோள் குறியின்றி வந்தால் அது திருட்டுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உலகில் இல்லாத கட்டுரைக்கும் அவை தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் தந்துவிடும். நீங்களே திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

படி 7: துணைநூற்பட்டியல்

சோட்டீரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். துறை கேட்கும் மேற்கோள் நடையில், ஏபிஏ ஆனாலும் எம்எல்ஏ ஆனாலும், பட்டியலை அது தானே அமைத்துத் தரும். தமிழ்ப் பெயர்களில் மட்டும் விழிப்பாக இருங்கள். நம் பெயர்களில் பலவற்றுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மென்பொருள் தலைப்பெழுத்தையோ தந்தை பெயரையோ குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு பெயரைப் புரட்டிவிடும். ஆசிரியர் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி அதில் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீரும்.

இதே பெயர்ச் சிக்கல் உங்களுக்கும் வரும். சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், கட்டுரையில் பின்னால் என்று இருந்தால் இரண்டும் ஒருவரே என்று யாருக்கும் தெரியாது. ஆர்கிட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க அடையாள எண்ணை இப்போதே பெற்று, அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் குறிப்பிடுங்கள். பணம் கட்டினால் இரண்டே நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

வரைவை நெறியாளரிடம் கொடுக்கும்போது படி 1இல் எழுதிய கேள்வியையும் அட்டவணையையும் உடன் இணையுங்கள். எந்த முக்கியக் கட்டுரை விடுபட்டிருக்கிறது என்பதை அட்டவணையைப் பார்த்தே அவரால் விரைவாகச் சொல்ல முடியும்.