முடி நடப் போகிறவர் முதலில் பிடரியைக் காட்ட வேண்டும்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறேன். இப்போது கதிரையில் வந்து இருக்கும் பெடியன்களில் பலர், என்ன வெட்டு வெட்டலாம் என்பதை விட முடி நடுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த மச்சான் துருக்கியில் நட்டுக்கொண்டு வந்திருப்பார். அவரைப் பார்த்த கையோடு என்னிடம் வருவார்கள். "அண்ணை, கொழும்பில செய்யிறதா, சென்னைக்குப் போறதா? எந்த முறை நல்லது?"

நான் வைத்தியன் இல்லை. ஆனால் என் அக்காவின் மகனுக்கு இதைச் செய்தபோது முதல் ஆலோசனையில் இருந்து கூடவே நின்றேன். செய்துகொண்டு வந்த வேறு தலைகளையும் மாதா மாதம் வெட்டி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

கேட்க வருகிறவர்கள் எல்லாரும் முன்நெற்றியைக் காட்டுகிறார்கள். நான் முதலில் பிடரியைப் பார்ப்பேன். இந்தச் சிகிச்சையில் புதிதாக ஒரு முடியும் உண்டாவதில்லை. இரண்டு காதுகளுக்கும் நடுவே பின்தலையில் இருக்கும் முடியை வேரோடு எடுத்து முன்னுக்கு வைக்கிறார்கள். ஆண்களின் வழுக்கைக்குக் காரணமான டிஎச்டி என்ற ஹோர்மோன் அந்தப் பின்பக்க முடியை அவ்வளவாகத் தாக்காது. இடம் மாற்றி வைத்தாலும் அந்தக் குணம் அதோடேயே வரும். நியூயோர்க்கில் நோர்மன் ஓரன்ட்ரைக் என்ற வைத்தியர் 1950களில் இதைக் காட்டிய பிறகுதான் இந்தத் தொழிலே வளர்ந்தது.

ஆக, பிடரியில் இருப்பதுதான் உங்கள் முழு இருப்பு. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவு செய்வார்கள் அல்லவா, அதே கணக்குத்தான் இதுவும். ஒரு கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்த ஒரு வேர்க்கட்டு. வாழ்நாள் முழுக்க எடுக்கக்கூடியது பொதுவாக 4000 முதல் 6000 கிராஃப்ட் வரைதான், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். இருபத்து மூன்று வயதில் எல்லாவற்றையும் நெற்றியில் இறக்கிவிட்டால், நாற்பதில் உச்சி திறக்கும்போது எடுக்க இருக்காது. அதனால்தான் சின்ன வயதுப் பெடியன்களை நான் அவசரப்பட விடுவதில்லை. அப்பா, பெரியப்பா, தாய்மாமன் தலைகளைப் பாருங்கள். உங்கள் வழுக்கை எதுவரை போகக்கூடும் என்று ஓரளவு தெரியும்.

அதற்கும் முன்னால், கொட்டுவது வழுக்கையால்தானா என்று உறுதி செய்ய வேண்டும். டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும், தானாகவே திரும்பி வரும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் என்று வேறு காரணங்களும் உண்டு. காசு அளவில் வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டு, அதற்கு மருந்து வேறு. கிணற்றுத் தண்ணீரில்தான் கொட்டுகிறது என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். கல்சியம் கூடிய தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், உடையவைக்கவும் கூடும். நெற்றியை ஏற்றுவது அதுவல்ல. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கிலோ தனியாகவோ ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அப்புறம் கொழும்பைப் பற்றி யோசியுங்கள். அவர் மினொக்சிடில், பினாஸ்டரைட் போன்ற மருந்துகளைப் பற்றிச் சொல்வார். நட்ட முடி நின்றாலும், பக்கத்தில் இருக்கும் பழைய முடி தொடர்ந்து கொட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பிடித்து வைக்கத்தான் மருந்து, விட்டால் பலனும் போய்விடும். பினாஸ்டரைட் சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கிறது. ஆகவே பார்மசியில் நீங்களாகவே வாங்கிக் குடிக்கக் கூடாது. உடைந்த குளிசையைக் கர்ப்பிணிப் பெண்கள் தொடவும் கூடாது.

சரி, முறைக்கு வருவோம். பெயர் பல இருந்தாலும் முடியை எடுக்கும் வழி இரண்டுதான். எஃப்யூடி என்பதில் பிடரித் தோலில் ஒரு கீற்றை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். கோடு மாதிரி ஒரு தழும்பு நிற்கும். எஃப்யூஈ என்பதில் ஒரு மில்லிமீற்றர் அளவோ அதை விடச் சிறியதோ ஆன குழல் ஊசியால் ஒவ்வொரு வேர்க்கட்டாகக் குடைந்து எடுப்பார்கள். தழும்பு புள்ளி புள்ளியாக இருக்கும். டிஎச்ஐ, சஃபயர் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் நடும் கருவியையும் கீறும் கத்தியையும் குறிக்கும் பெயர்கள். எடுப்பது அநேகமாக எஃப்யூஈ முறையில்தான்.

கத்தரிக்கோல் பிடிக்கிறவனாக என் எண்ணம் இது. பக்கத்தை ஒட்ட வெட்டும் பழக்கம் உள்ளவருக்கு எஃப்யூடி சரிவராது. மெஷினில் ஒன்றாம் நம்பர் போட்டால் அந்தக் கோடு அப்படியே தெரியும். பின்முடியை இரண்டு அங்குலமாவது வளர விடுகிறவருக்கு அது பெரிய குறை இல்லை. எஃப்யூஈயில் கோடு கிடையாது. ஆனால் அளவு மீறி எடுத்திருந்தால் பிடரி முழுக்கத் திட்டுத் திட்டாக ஐதாகிவிடும். வெளிநாட்டில் ஒரே நாளில் ஐயாயிரம் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவரின் தலையில் நம்பர் இரண்டைக்கூட என்னால் போட முடியவில்லை. முன்பக்கம் நிறைந்திருந்தது. பின்பக்கத்தை மறைக்க அவர் இப்போது பிடரியை நீளமாக வளர்க்கிறார்.

முறையை விட, செய்யும் வைத்தியரைத் தெரிவு செய்வதுதான் முக்கியம். மருமகன் முதலில் ஓர் இடத்துக்கு வட்ஸ்அப்பில் நெற்றிப் படம் அனுப்பினான். அன்றே பதில் வந்துவிட்டது, இத்தனை ஆயிரம் கிராஃப்ட், இத்தனை ரூபா, இன்று முற்பணம் போட்டால் கழிவு என்று. பிடரியை யாரும் கேட்கவே இல்லை. அதை விட்டுவிட்டுக் கொழும்பில் இன்னொருவரிடம் போனோம். அந்த வைத்தியர் பின்தலையில் ஒரு சின்ன இடத்தை வழித்து, கணினியோடு தொடுத்த வில்லைக் கமெராவை வைத்து, ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள் எத்தனை வேர்க்கட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை முடி என்று திரையில் எங்களுக்கும் காட்டி எண்ணினார். அப்புறம் பேனையால் நெற்றியில் கோடு போட்டார். மருமகன் இன்னும் கீழே கேட்டான். "தம்பி, இந்தக் கோடு உங்களுக்கு அம்பது வயதிலயும் பொருந்த வேணும்" என்று சொல்லி, புருவ நடுவில் இருந்து நாலு விரலுக்கு மேலே வைத்த கோட்டை அவர் இறக்கவே இல்லை. உச்சியை இப்போது தொட வேண்டாம், மருந்து போட்டுப் பார்ப்போம் என்றார். காசு வரும் வேலையைக் குறைத்துச் சொல்கிறவரை நான் நம்புவேன்.

கேட்க வேண்டியதை வெட்கப்படாமல் கேளுங்கள். விறைக்கிற ஊசி போடுவது யார்? குடைந்து எடுப்பது யார்? நடுவதற்குத் தோலில் கீறுவது யார்? எடுத்த வேர்க்கட்டுகளைப் பிரித்துப் பாதுகாத்து வைப்பதிலும் நடுவதிலும் உதவியாளர்கள் கை கொடுப்பது வழக்கம். ஆனால் அளப்பதும் வெட்டுவதும் கீறுவதும் வைத்தியரின் வேலை. முழு நேரமும் அவர் அந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டும். 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடப் போய் உயிரை இழந்தார். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதற்கென்று வழிகாட்டலும் வெளியிட்டது. யாழ்ப்பாணம் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, சிலருக்கு அது கொழும்பை விட வசதி. ஆனால் பிறகு காயத்தில் ஏதும் என்றால் யாரிடம் காட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். இங்கே என்றால் வைத்தியரின் பெயரை இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. படம் காட்டினால், முன்பக்கம் மட்டும் போதாது, அதே ஆளின் பிடரியையும் ஒரு வருடத்துக்குப் பிந்திய படத்தையும் கேளுங்கள்.

எங்கள் மண்ணுக்கென்றே ஒரு விசயம் இருக்கிறது. என் கதிரையில் இருக்கும் தலைகளில் யுத்தத்தில் செல் வீச்சில் பட்ட காயத் தழும்பு உள்ளவை நிறைய. வகிடு எந்தப் பக்கம் எடுத்தால் மறையும் என்று அவர்கள் சொல்லாமலேயே என் கைக்குத் தெரியும். அந்தத் தழும்பில் முடி வராது, ஆனால் நட முடியும். தழும்புத் தோலுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் வைத்த எல்லாம் பிடிக்காது. நல்ல வைத்தியர் முதலில் கொஞ்சத்தை வைத்து, சில மாதம் பொறுத்து, பிடித்த அளவைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் செய்வார். தலைக்குள் பீஸ், அதாவது செல் சிதறிய துண்டு, இருக்கிறது என்று தெரிந்தாலோ சந்தேகம் இருந்தாலோ ஊசி போட முன்னரே சொல்லிவிடுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். முன்பு தலையில் சத்திரசிகிச்சை செய்து எலும்பு எடுத்தவர்கள் வைத்தியசாலை தந்த அந்தத் துண்டுச் சீட்டை மறக்காமல் காட்ட வேண்டும். காயத்தின் கதையைச் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை, காயம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். சீனி வருத்தம், பிரஷர், இரத்தத்தை இளக்கும் மருந்து இவற்றையும் ஒளிக்க வேண்டாம். அந்த மருந்தை நிறுத்துவதா என்பதை அதை எழுதிய வைத்தியரிடமே கேளுங்கள்.

நாள் குறிக்கும்போது அறுவடையைப் பாருங்கள். சூடடிக்கும் தூசிக்குள்ளும் சித்திரை வெயிலுக்குள்ளும் புதுக் காயத்தோடு நிற்க முடியாது. கலியாணத்துக்காகச் செய்கிறவர் ஒரு வருடம் முந்தியே செய்ய வேண்டும். அப்புறம் ஹெல்மெட். எங்கள் ஆட்களுக்கு மோட்டார்சைக்கிள் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது, ஆனால் நட்ட தலையில் ஹெல்மெட் உரசினால் கிராஃப்ட் கழன்றுவிடும். வைத்தியர் சரி சொல்லும் வரை, அநேகமாக இரண்டு கிழமை, பஸ்ஸிலோ ஓட்டோவிலோதான் போய்வர வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் இரவு பஸ்ஸில் சீற் விளிம்பில் தலை முட்டாதபடி கழுத்துத் தலையணை எடுத்துப் போங்கள். முதல் சில இரவு தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மூன்றாம் நான்காம் நாள் நெற்றியும் கண்ணும் வீங்கும், பயப்பட வேண்டாம், வடிந்துவிடும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி என்றால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். நட்ட இடம் காய்ந்து சின்னச் சின்னப் பொருக்காக அயறு கட்டும். அதை நகத்தால் கிள்ளினால் வேரும் சேர்ந்து வரும். சொல்லித் தந்தபடி கழுவிவந்தால் இரண்டு கிழமைக்குள் தானாக உதிரும். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, குளத்தில் குளிப்பு, கடல், சிகரெட், குடி எல்லாவற்றையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.

இனிக் காத்திருப்பு. இரண்டாம் கிழமையில் இருந்து நட்ட முடி கொட்டத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் எனக்கு அழைப்பு வரும், காசு போச்சு அண்ணை என்று. கொட்டுவது மேல்முடி, வேர் உள்ளேதான் இருக்கிறது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் செய்ய முன்னர் இருந்ததை விட மோசமாகத் தெரியும், ஏனென்றால் சுற்றியிருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் விரலால் தடவினால் மட்டும் தெரியும் மெல்லிய முடி வரும், சில இடத்தில் பருவும் வரும். முதலில் அது சுருண்டு, நிறம் குறைந்து, அடங்காமல் நிற்கும். மருமகனின் முன்முடியை முதல் முறை நனைத்துச் சீவியபோது சீப்பின் பல்லுக்குள் நிற்காமல் நழுவியது, அவ்வளவு மெல்லிசு. ஆறு மாதத்தில் அரைவாசி தெரியும். ஒரு வருடத்தில் பெரும்பகுதி வந்துவிடும். உச்சிக்கு ஒன்றரை வருடமும் ஆகும்.

நட்ட இடத்தில் மெஷின் வைக்க நான் மூன்று மாதமாவது விடுவேன். அதற்கு முன் கத்தரிக்கோல் மட்டும், அதுவும் வைத்தியர் சரி சொன்ன பிறகு. தினமும் கண்ணாடியில் தேடுவதை விட்டு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், முடி காய்ந்திருக்கும்போது படம் எடுங்கள். முன், உச்சி, பிடரி மூன்றும் வேண்டும். கடையில் ரியூப் லைட்டின் கீழே நான் எடுத்துத் தருகிறேன். ஒரு வருடம் கழிந்தும் ஐதாக இருந்தால் அந்தப் படங்களோடு செய்த வைத்தியரிடமே போய்க் கேளுங்கள். இரண்டாம் முறை செய்வதானால் பிடரியை மறுபடி அளந்த பிறகுதான் திகதி எடுக்க வேண்டும்.