‘எப்ப பிறதர் குருப்பட்டம்?’: துறவறச் சகோதரர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கத்தோலிக்கப் பங்குகளில் ‘பிறதர்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு நிலையினரை அழைக்கிறோம். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வரும் குருமாணவரும் பிறதர். குருப்பட்டத்தை நாடாமல், ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடுகளால் (துறவற வாக்குறுதிகளால்) தம் வாழ்நாளை ஒரு துறவறச் சபைக்குள் இறைவனுக்குக் கையளித்தவரும் பிறதர். முன்னவருக்கு அது சில ஆண்டுகளில் கழன்றுபோகும் பெயர். பின்னவருக்கு அதுவே இறுதிவரை அழைத்தல். இந்த வேறுபாடு தெரியாததனால்தான் தலை நரைத்த சகோதரரிடமும் திருப்பலி முடிந்து வருகிறவர்கள் ‘எப்ப பிறதர் குருப்பட்டம்?’ என்று அன்போடு கேட்கிறார்கள். கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதே மயக்கம் பயிற்சி இல்லத்துக்குள்ளும் இருக்குமானால், அது இளைஞனின் வாழ்வைப் பாதிக்கும்.

முதல் தவறு ஆள் சேர்ப்பிலேயே நேர்ந்துவிடுகிறது. உயர்தரப் பரீட்சையில் போதிய பெறுபேறு கிடைக்காதவனையும், குருமடத்தில் மெய்யியல் படிப்பைத் தாங்கமாட்டான் என்று கருதப்படுபவனையும் ‘சகோதரராகவாவது போகட்டும்’ என்று அனுப்பிவைப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றுகிறது. இதில் உள்ள ‘ஆவது’ என்ற விகுதியே பிழை. 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட துறவற வாழ்வு பற்றிய ஆணை, குருத்துவம் சாராத துறவற வாழ்வு தன்னளவில் முழுமையான நிலை என்று தெளிவாகக் கூறுகிறது. தாம் குருவாக இருந்தும், தாம் தொடங்கிய ஆசிரியர் சபையில் குருக்களே இருக்கலாகாது என்று முடிவெடுத்த புனித ஜோன் பப்டிஸ்ட் டி லா சாலின் வழிவந்த சகோதரர்கள் 1867 முதல் இலங்கையில் பணியாற்றி வருகிறார்கள். குருக்களும் சகோதரர்களும் சேர்ந்து வாழும் குருத்துவச் சபைகளில்கூட, திருப்பீடத்தின் அனுமதியோடு ஒரு சகோதரர் தலைவராக நியமிக்கப்படலாம் என்று 2022 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் வழிதிறந்தார்.

அத்தகைய கலப்புச் சபைகளில் பயிற்றுநர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குருமாணவனுக்குப் புத்தகமும் சகோதரப் பயிற்சியாளனுக்கு மண்வெட்டியும் வாகனத் திறப்பும் என்று வேலை பிரிந்துவிடுவது எவரும் திட்டமிடாமலே நடக்கக்கூடியது. கைவேலை உயர்ந்ததே; ஆனால் மறைநூலும் இறையியலும் ஒரு தொழிலறிவும் சகோதரருக்கும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும்.

அடுத்த தவறு நம் மண்ணுக்கே உரியது. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும்; மருமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவான். ஆகவே அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வீடு கட்டி முடிக்கும்வரை ஆண்பிள்ளையின் தோள் ஓய்வதில்லை. தங்கச்சியின் வீடு அத்திவாரத்தோடு நிற்கும்போது மூத்த மகன் சபையில் சேர்கிறான் என்றால், குடும்பம் பெருமைப்பட்டுக்கொண்டே உள்ளுக்குள் கலங்கும். இதை வீட்டாரோடு அமர்ந்து பேசாமல் சேர்த்துக்கொள்ளும் பயிற்றுநர், பின்னால் அவன் மனம் அலைவதை ‘அழைத்தலில் உறுதியின்மை’ என்று தவறாக வாசிக்க நேரிடும். ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கு நேர்ச்சையாக நடந்துபோய்ப் பிள்ளையைக் கையளித்த தாயும்கூட, கூரைத் தகட்டுக்குக் காசு வேண்டும் என்று கடிதம் எழுதவே செய்வாள். அது அவளுடைய விசுவாசக் குறைவல்ல.

சட்டமும் இங்கே துணைநிற்கிறது. அடைக்க முடியாத கடன் உள்ள ஒருவரை, முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சி இல்லமான நவதுறவகத்தில் சேர்க்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 644ஆம் விதி கூறுகிறது. நுண்கடன் வீட்டுக்கு வீடு புகுந்த நம் கிராமங்களில் இந்தக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்டேயாக வேண்டும். அத்துடன், வார்த்தைப்பாடு எடுத்த சகோதரர் ஆசிரியராகப் பெறும் சம்பளமும் பின்னாளில் வரும் ஓய்வூதியமும் சபைக்கே உரியவை என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே விளங்கவைக்க வேண்டும். ‘மகன் வேலைக்குப் போனதும் அனுப்புவான்’ என்ற எதிர்பார்ப்பை எவரும் திருத்தாமல் விடுவது ஏமாற்றுவதற்கு ஒப்பானது.

நவதுறவுக் காலத்தில் நாட்கணக்கைப் பொருட்படுத்தாதிருப்பது மிக எளிதாக நேரும் தவறு. நவதுறவி 17 வயதை நிறைவுசெய்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி நவதுறவகச் சமூகத்திலேயே 12 மாதங்கள் நடைபெற வேண்டும். தொடர்ச்சியாகவோ இடையிடையேயோ 3 மாதங்களுக்கு மேல் இல்லத்தை விட்டிருந்தால் நவதுறவே செல்லாது. 15 நாட்களுக்கு மேற்பட்டால் அந்த நாட்களை ஈடுசெய்ய வேண்டும். உறவினரின் மரணவீடு, தங்கச்சியின் சாமத்தியவீடு, சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருவிழா என்று ஒவ்வொன்றும் நியாயமான காரணமாகவே வரும். ஒருவரும் குறித்துவைக்காவிட்டால் ஆண்டு முடிவில் கணக்கு உதைக்கும். ஒரு சாதாரணக் கொப்பியில் எழுதிவைத்தாலே போதும். விடுதியில் ஆள் பற்றாக்குறை என்பதற்காக நவதுறவியை மேற்பார்வையாளராக்குவதும் தவறே. பயிற்சிக்கு நேரடியாக உதவாத படிப்பும் பணியும் அக்காலத்தில் கூடாது என்று 652ஆம் விதி சொல்கிறது.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பாரதூரமாகப் படுவது, தலையாட்டுதலைக் கீழ்ப்படிதல் என்று எண்ணுவது. பெரியவர் சொன்னால் ‘ஓம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நம் பிள்ளைகள். பயிற்றுநர் ‘மனசில இருக்கிறத எல்லாம் சொல்லு தம்பி’ என்றால் அந்தத் தம்பி மறுக்கமாட்டான். ஆனால் அப்படிச் சொல்லத் தூண்டுவதையே 630ஆம் விதி தலைவர்களுக்குத் தடைசெய்கிறது. மனச்சான்றைத் திறப்பது பயிற்சியாளன் தானே விரும்பிச் செய்ய வேண்டியது. நவதுறவிகளின் பயிற்றுநர் குருவாக இருந்தால், அவர்கள் தாமாகக் கேட்டாலன்றி அவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது. தன் வார்த்தைப்பாட்டுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கப்போகிறவரிடமே ஒருவன் தன் பாவத்தையும் சொல்ல நேர்ந்தால், இரண்டு இடத்திலும் உண்மை சுருங்கிவிடும்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயதும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதும் நிறைவடைந்திருக்க வேண்டும். இடைப்பட்ட தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் 3 ஆண்டுகளுக்குக் குறையாமலும் 6 ஆண்டுகளுக்கு மேற்படாமலும் அமையும். தேவையானால் மொத்தம் 9 ஆண்டுகள்வரை நீட்டலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதும் மரணசாசனம் நாட்டுச் சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும் என்பதால், நம் நாட்டில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளும் முன்னிலையில் இருக்க ஒப்பமிட வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதித் தலைவரிடம் கொடுத்துவிடுவது போதாது.

நவதுறவி எப்போது வேண்டுமானாலும் சுதந்திரமாக விலகலாம். ஊரில் அதை ‘ஓடி வந்திட்டான்’ என்பார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே விருப்பமில்லாமல் வார்த்தைப்பாடு எடுக்க நேருவதும் உண்டு. வார்த்தைப்பாடு எடுத்த பின் முறைப்படி விலகுகிறவர் செய்த வேலைக்கு எதையும் உரிமையாகக் கோர முடியாது. ஆயினும் சபை அவரை நீதியோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று 702ஆம் விதி கேட்கிறது. சாதாரணதரச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கையில் கொடுத்து, பஸ் செலவுக்கும் முதல் சில மாதங்களுக்கும் வழிசெய்து, பங்குத்தந்தையிடமும் பெற்றோரிடமும் பயிற்றுநரே நேரில் போய்ப் பேசி அவரை வீட்டில் விட்டுவருவது அந்த விதிக்குள் அடங்கும்.