கிணற்றைப் பார்த்து மோட்டார்: உயர்தர ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்தும் முறை

கொங்கு நாட்டில் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகிறவர், எத்தனை குதிரைத்திறன் என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, குழாய் எத்தனை அங்குலம், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதையெல்லாம் சொன்ன பிறகுதான் கடைக்காரர் மோட்டாரை எடுத்துக் காட்டுவார். அதே மனிதர் பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது மட்டும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறார். லட்சக்கணக்கில் செலவாகும் இந்த வேலையில் முதலில் அறையையும், அடுத்து ஸ்பீக்கரையும், கடைசியில் ஆம்ப்ளிஃபயரையும் பார்ப்பதே முறை.

இப்போது கட்டப்படும் வீடுகளின் கூடம் கான்கிரீட் கூரை, வழுவழுப்பான டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர் என்று இருக்கிறது. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்குப் பின்னால் 'சிர்ர்' என்று ஒரு வால் நீண்டால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அங்கே கூசும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே கெட்டியான பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரித்து, பக்கச்சுவரில் புத்தக அலமாரியை நிறுத்தினால் கூச்சம் பெருமளவு அடங்கும். ஆனால் ஜமுக்காளம் அடக்குவது மேல் ஒலிகளை மட்டுமே. 14 அடி நீள அறையில் ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸில் அடித்தொனி சுவருக்குச் சுவர் நின்று முழங்கும். அதை எந்தத் துணியும் தடுக்காது. ஆகவே சிறிய அறைக்கு ஆளுயரப் பெட்டியை வாங்காமல், ஸ்டாண்டில் நிற்கும் சிறிய பெட்டியை வாங்கி, பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம். பழைய ஓட்டு வீடு வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஓட்டின் இடுக்குகள் வழியாக அடித்தொனி வெளியேறிவிடுவதால் அங்கே முழக்கம் குறைவு.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் முதலில் தேட வேண்டியது உணர்திறன். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) எழும் என்பதே அந்த எண். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: 2.83 வோல்ட் என்பது, மின்தடை 8 ஓம் உள்ள ஸ்பீக்கருக்கு 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கோ 2 வாட். எனவே 89 என்று போட்டிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கர், வாட் கணக்கில் பார்த்தால் 86தான்.

86 டெசிபெல் ஜோடி ஒன்றை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்தால், ஆளுக்கு 1 வாட்டில் நம் காதுக்கு 80 டெசிபெல் அளவுக்கு வந்து சேரும். அதுவே நிறைவான சத்தம். ஆனால் நல்ல ஒலிப்பதிவில் தவிலின் ஓர் அடி, சராசரியைவிட 20 டெசிபெல் வரை எகிறும். ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் பத்து மடங்கு மின்திறன் வேண்டும் என்பதால், அந்த ஒரு நொடிக்கு 100 வாட் தேவைப்படும். 92 டெசிபெல் ஸ்பீக்கராக இருந்தால் 25 வாட்டே போதும்.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை. பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இதுதான். '8 ஓம்' என்பது பெயரளவுக்கான எண். உண்மையில் அது ஒவ்வொரு அலைவெண்ணிலும் ஏறி இறங்கும். பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 6.4 ஓமுக்குக் கீழே, இறங்கக்கூடாது என்று சர்வதேசத் தரவிதி சொன்னாலும், 8 என்று எழுதிவிட்டு 3 சொச்சத்துக்கு இறங்கும் ஸ்பீக்கர்கள் சந்தையில் உண்டு. 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது 2.5 ஆம்பியர், 4 ஓம் இழுப்பது 5 ஆம்பியர். குழாய் அகலமானால் மோட்டார் அதிகத் தண்ணீர் தள்ள வேண்டியிருப்பதைப் போன்றதே இது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் எத்தனை வாட் தருகிறது என்பதோடு நிறுத்தாமல், 4 ஓமில் எத்தனை என்றும் கேளுங்கள். 8 ஓமில் 50 வாட் தருவது 4 ஓமில் 100க்கு அருகில் போனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டி. 65இல் நின்றுவிட்டால் நோஞ்சான். 4 ஓம் பற்றி விவரத்தாள் வாயே திறக்கவில்லை என்றால், அந்த மௌனத்தையும் பதிலாகவே கொள்ளலாம்.

இதைக் காசு கொடுத்துக் கற்றவன் நான். 4 ஓம் ஸ்பீக்கர்களுக்கு, 8 ஓமில் 100 வாட் என்று மட்டும் எழுதியிருந்த ஆம்ப் ஒன்றைச் சேர்த்திருந்தேன். தப்பட்டைப் பதிவு ஒன்றைப் போட்டதும் உள்ளே 'டக்' என்று ரிலே (பாதுகாப்புச் சுவிட்சு) விழுந்து கூடமே அமைதியாகிவிட்டது. ஃபியூஸையும் வயரிங்கையும் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள், மோட்டாருக்குக் காயில் கட்டும் நண்பர் ஒருவர் வந்து, ஆம்பின் மேல்தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "லோடு தாங்கலைங்க, இதத் திட்டி என்னங்க பண்றது" என்றார்.

கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ஆம்பில் ஆசையுள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 300பி என்னும் வகை வால்வு ஒன்றை மட்டும் கொண்ட சிங்கிள் எண்டட் ஆம்ப், பக்கத்துக்கு 8 வாட் அளவில்தான் தரும். கோயில் நோம்பியில் கட்டும் குழாய் ஸ்பீக்கர், கொஞ்ச வாட்டில் அடுத்த ஊர் வரை கேட்பது அந்தக் கூம்பின் திறனால். 1946இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் அதே தத்துவத்தை வீட்டு மூலைக்குக் கொண்டுவந்தது; இத்தகைய வால்வுகளுக்கு அந்த வகையே துணை. உணர்திறன் குறைந்தவை எல்லாம் வால்வுக்கு ஆகாதவை என்பதும் இல்லை. 1970களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 83 டெசிபெல்தான் என்றாலும், பெயரளவில் 15 ஓம் என்பதால், சிறிய அறையில் நடுத்தர வால்வு ஆம்போடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கடையில் கேட்கும்போது நமக்குப் பழகிய பதிவுகளையே கொண்டுபோக வேண்டும்: ஒரு குரல், மிருதங்கத்தின் தொப்பி, ஒரு தப்பட்டை. இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடுமுன், கைப்பேசியின் ஒலி அளவிடும் செயலியைக் கொண்டு இரண்டின் சத்தத்தையும் சமமாக்கச் சொல்லுங்கள். 1 டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'தரம்' என்று நம்பிவிடும். முடிந்தால் சனி, ஞாயிறுக்கு வீட்டுக்கு எடுத்துவந்து கேட்பது கடையில் பத்து முறை கேட்பதைவிட மேல். கேபிளுக்கு அதிகம் செலவிட வேண்டாம். பத்தடித் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம்.

கடைசியாகக் கரண்ட். விசைத்தறி ஓடும் ஊர்களில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் நல்ல ஸ்டெபிலைசரும் சரியான எர்த்தும் தேவை. அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ ஆம்ப் கொண்டுவந்தால் பின்பக்கம் 120 வோல்ட் என்றிருக்கும், ஜப்பானியது என்றால் 100; நம் 230இல் நேரே சொருகினால் புகைதான். கிளாஸ் ஏ வகை ஆம்ப் பாட்டே இல்லாமலும் அடுப்பைப்போல் சுடும் என்பதால், ஈரோட்டுச் சித்திரையில் மூடிய அலமாரிக்குள் அதை வைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடம் விட்டு, காற்றுத்துளைகளில் பல்லி நுழையாதபடி மெல்லிய கம்பிவலை ஒன்றையும் போட்டுவையுங்கள்.